பிராடோவில் அராக்னே: வழிகாட்டியோடு ஏழு நிமிடம், தனியாக ஒரு மாலை

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தைக் கிரேக்கப் புராணங்களின் வழியாகச் சுற்றிக் காட்டும் இரண்டு மணி நேரச் சுற்று ஒன்றில் கலந்துகொண்டேன். 'ஆணவமும் உருமாற்றமும்' என்பது அதன் பொருள். அந்த ஊரில் வேலை பார்க்கும் என் மகள்தான் பதிவு செய்து கொடுத்தாள். நடத்துவது ஒரு சிறிய தனியார் நிறுவனம். அருங்காட்சியகத்தோடு அதற்குத் தொடர்பில்லை. நுழைவு டிக்கெட்டையும் சேர்த்து ஒருவருக்கு 58 யூரோ. டிக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு நீங்களே உள்ளே போனால் 15 யூரோதான். அந்த 43 யூரோ வித்தியாசத்துக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் ஒரே ஓவியத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்வேன். பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த 'நூற்கும் பெண்கள்' அது. தேவியோடு நெசவில் போட்டி போட்டுச் சிலந்தியான அராக்னேயின் கதை. அதற்காகத்தான் நான் போனேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரி. அப்பா, கரையையும் உடலையும் வேறுவேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலை நெய்தவர். ஒரு கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தின் வடிவமைப்புப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். தறியோடு சம்பந்தப்பட்ட ஒரு கதையை உலகப் பெரும் ஓவியர் ஒருவர் வரைந்திருக்கிறார், அது மகள் இருக்கும் ஊரிலேயே இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் சுற்றின் நல்ல பக்கம். எங்கள் குழுவில் பதினான்கு பேர். ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார்கள். வழிகாட்டி கலை வரலாறு படித்த இளம்பெண். ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசினார். கூட்டத்தில் யார் தோளும் இடிக்காமல், ஓவியத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றால் அது கண்ணுக்குள் வருமோ அவ்வளவு தூரத்தில் எங்களை நிறுத்தினார். அது தேர்ந்த கைவேலை, எல்லோருக்கும் வராது. அருங்காட்சியகத்துக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

டிசியன் வரைந்த சிசிபஸ் முதலில். முடிவில்லாமல் பாறையை மலைமேல் ஏற்றும்படி தண்டிக்கப்பட்டவன், அதைத் தோளில் சுமந்து ஏறுகிறான். அடுத்து ரிபேரா 1632இல் வரைந்த இக்சியோன். கடவுளரின் அரசர் ஜீயஸின் விருந்தாளியாகப் போய் அவர் மனைவி ஹேராமீதே ஆசைப்பட்டவன். அவள் உருவில் செய்யப்பட்ட மேகத்தைத் தழுவி ஏமாந்தவன். ஓயாமல் சுழலும் சக்கரத்தில் கட்டப்பட்டவன். இருட்டிலிருந்து வெளியே தொங்கும் அந்த உடம்பு இரவு தூக்கத்திலும் வந்தது. ஆனால் இந்த இருவரும் தண்டனை பெற்றவர்களே தவிர உருமாறியவர்கள் அல்லர். தலைப்பில் பாதிதான் இங்கே பொருந்துகிறது. பிறகு வெலாஸ்கெஸ் ஓர் இளவரசியை நடுவில் வைத்து வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தின் முன் இருபது நிமிடம் நின்றோம். அதன் பெருமையைச் சொல்ல நான் யார். ஆனால் புராணச் சுற்று என்று பணம் வாங்கிவிட்டு இளவரசியின் முன் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு, நூற்கும் பெண்களின் முன் ஏழே நிமிடம் கொடுத்தது நியாயமில்லை. கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஓவியம் வெலாஸ்கெஸ் தன் கடைசி ஆண்டுகளில், 1655க்கும் 1660க்கும் நடுவில், வரைந்தது. ஸ்பானிய மொழியில் 'லாஸ் இலாந்தேராஸ்', அதாவது நூற்கும் பெண்கள். முன்பக்கம் மங்கலான ஒரு வேலைக்கூடம், ஐந்து பெண்கள். இடதுபுறம் தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு கிழவி ராட்டையில் நூற்கிறாள். வலதுபுறம் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளம்பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிட்டத்திலிருந்து நூலை இழுத்து உருண்டையாகச் சுற்றுகிறாள். நடுவில் குனிந்து உட்கார்ந்து ஒருத்தி கம்பளியை வாருகிறாள். ஒரு பெண் திரையை விலக்குகிறாள், இன்னொருத்தி கூடையோடு வருகிறாள். தரையில் பஞ்சு சிதறிக் கிடக்கிறது, கிழவியின் காலடியில் ஒரு பூனை. பின்னால் இரண்டு படி உயரத்தில் ஒரு சிறு மண்டபம், அங்கே நல்ல வெளிச்சம். பட்டுடுத்திய சீமாட்டிகள், சாய்த்து வைத்த ஒரு பெரிய நரம்பு வாத்தியம், சுவரில் ஒரு சித்திரத் திரை, அதாவது படம் நெய்த துணி. அதன் முன்னால் தலைக்கவசம் அணிந்து கையை ஓங்கி நிற்பவள் நெசவுக்கும் தேவியான அத்தீனா. எதிரே நிற்பவள் அராக்னே.

கதையின் உச்சம் முழுவதும் அங்கே, தூரத்தில், சின்னதாக இருக்கிறது. நம் கண் முன்னால் பெரிதாக இருப்பது வேலை. நெடுங்காலம் இதை மாட்ரிட்டின் சித்திரத் திரைப் பட்டறை ஒன்றின் காட்சி என்றுதான் நினைத்திருந்தார்கள். ஓவியத்தை வைத்திருந்த பேத்ரோ தே ஆர்சேயின் 1664ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல் 1948இல் கிடைத்தபோதுதான், அதில் 'அராக்னேயின் கதை' என்று எழுதியிருப்பது தெரிந்தது. முன்னால் இருக்கும் கிழவிதான் மாறுவேடம் போட்ட அத்தீனா, முதுகைக் காட்டும் இளம்பெண்தான் அராக்னே என்று பலர் விளக்குகிறார்கள். முகம் கிழவியுடையது, ஆனால் பாவாடைக்கு வெளியே நீண்டிருக்கும் கால் இளம்பெண்ணின் கால் என்று வழிகாட்டி காட்டினார். அதைக் காட்டியதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நானாகப் பார்த்திருக்க மாட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஓவியத்தின் மேலேயும் பக்கங்களிலும் ஒட்டுப் போட்டுப் பெரிதாக்கியிருந்தார்களாம். இப்போது அந்த ஒட்டுகளை மறைக்கும் சட்டத்துக்குள் வெலாஸ்கெஸ் வரைந்த அளவு மட்டும் தெரிகிறது. அதையும் அவர்தான் சொன்னார்.

பிறகு கதையைச் சொன்னார். அராக்னே என்ற பெண் தன் நெசவில் கர்வம் கொண்டாள், தேவியோடு போட்டி போட்டாள், தோற்றாள், சிலந்தியானாள். இதற்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் 'ஹூப்ரிஸ்', ஆணவம். அவ்வளவுதான். அடுத்த அறைக்குப் போகலாம் என்றார்.

'தோற்றாள்' என்ற சொல்லில் எனக்கு நெஞ்சு அடைத்தது. அவள் தோற்கவில்லை.

இந்தக் கதை நமக்கு முழுதாகக் கிடைப்பது கி.பி. 8ஆம் ஆண்டு வாக்கில் ரோமக் கவிஞர் ஓவிட் இலத்தீனில் எழுதிய உருமாற்றக் காவியத்தின் ஆறாம் பகுதியில். களம் கிரேக்க உலகம்: சிறிய ஆசியாவின் லிடியா நாடு. அராக்னே பெரிய வீட்டுப் பெண் அல்லள். அப்பா இத்மோன், கொலோபோன் ஊர்ச் சாயக்காரர். கடல் சங்கின் ஊதாச் சாயத்தில் கம்பளி தோய்ப்பவர். அம்மா இறந்துவிட்டாள், அவளும் எளிய குடியில் பிறந்தவள்தான். பெண்ணுக்குக் கிடைத்த பெயரெல்லாம் கைத்தொழிலால் வந்தது. அவள் நெய்து முடித்ததை மட்டுமல்ல, நெய்வதைப் பார்க்கவே வனதேவதைகள் தங்கள் திராட்சைத் தோட்டங்களை விட்டு வருவார்களாம். கம்பளியை உருட்டுவதையும், விரலால் நீவுவதையும், கதிரைச் சுழற்றுவதையும் ஓவிட் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும் என்று தோன்றுகிறது.

போட்டியில் அத்தீனா நெய்தது பன்னிரண்டு கடவுளர் சிம்மாசனங்களில் வீற்றிருக்கும் காட்சி. ஏதன்ஸ் நகரம் யாருக்கு என்று கடல் கடவுள் போசைடனோடு தான் வழக்காடி வென்ற கதை. நான்கு மூலைகளிலும் நான்கு எச்சரிக்கைகள்: கடவுளரோடு தங்களை ஒப்பிட்டு மலையானவர்கள், கொக்கானவள், நாரையானவள், கோயில் படிக்கல்லானவர்கள். சுற்றிலும் ஆலிவ் இலைக் கரை. சீரான, நிறைவான நெசவு. அந்தத் தேவிக்கு ஏதன்ஸ் மக்கள் தங்கள் பெருவிழாவில் ஒரு மேலாடை நெய்து காணிக்கை கொடுப்பார்கள். அதில் கடவுளர் அரக்கர்களை வென்ற போர் நெய்யப்பட்டிருக்கும். வெற்றியைத் துணியில் பார்த்துப் பழகியவள் அவள்.

அராக்னே நெய்தது வேறு. காளையாக வந்து யூரோப்பாவைக் கடலுக்குள் தூக்கிச் சென்ற ஜீயஸ், அன்னமாக லேடாவிடம் வந்த ஜீயஸ், பொன்மழையாக டனாயியிடம் வந்த ஜீயஸ், குதிரையாக, ஆறாக, பறவையாக வந்த போசைடன். இப்படி 21 காட்சிகள். கடவுளர் உருமாறி வந்து பெண்களை ஏமாற்றிய கதைகள் மட்டும். கரையில் பூவும் ஐவிக் கொடியும். நன்றாகக் கவனியுங்கள்: அவள் துணியில் உருமாறுவது கடவுளர், தேவியின் துணியில் உருமாறுவது மனிதர். கடவுள் தன் விருப்பத்துக்கு உருமாறித் தன் விருப்பத்துக்குத் திரும்பி வந்துவிடுவார். மனிதர் மாறினால் மாறியதுதான். போட்டி வண்ணத்தில் இல்லை, இங்கேதான் இருந்தது.

முடிவை ஓவிட் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த நெசவில் அத்தீனாவாலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை, பொறாமையே வந்து பார்த்தாலும் முடியாது. அதனால்தான் தேவி துணியைக் கிழித்தாள். கையிலிருந்த மர நாடாவால், தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கருவியால், அந்தப் பெண்ணின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடித்தாள். அவமானம் தாங்காமல் அராக்னே சுருக்கில் தொங்கினாள். பிறகுதான் தேவிக்கு இரக்கம் வருகிறது: உயிரோடு இரு, ஆனால் தொங்கிக்கொண்டே இரு என்று மூலிகைச் சாற்றைத் தெளிக்கிறாள். முடி உதிர்கிறது, மூக்கும் காதும் போகின்றன, தலை சிறுக்கிறது, மெல்லிய விரல்கள் விலாவில் ஒட்டிக் கால்களாகின்றன. மற்றதெல்லாம் வயிறு. அந்த வயிற்றிலிருந்து நூல் வருகிறது. அவள் பழையபடி நெய்கிறாள்.

இதைத் 'தோற்றாள்' என்ற ஒரு சொல்லில் முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பழைய நினைவும் காரணம். எனக்குப் பத்து வயது இருக்கும். கோர்வைத் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வலது கரையின் நாடாவைப் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஒரு மாதம் போல உட்கார்ந்து அப்பா ஒரு மாம்பழ நிறச் சேலையை, அரக்குக் கரை வைத்து, முடித்தார். கரையும் உடலும் சேரும் இடத்தில் ஓர் இழை பிசகவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தபோது முதலாளி வழக்கம்போலக் கூலியில் பிடித்தம் செய்யப் பார்த்தார். அப்பா சேலையை மடியிலிருந்து எடுத்து விரித்து, "ஐயா, இதில் குறை எங்கே என்று கையை வைத்துக் காட்டுங்கள்" என்றார். முதலாளி துணியைப் பார்க்கவேயில்லை. "உனக்குத் திமிர் வந்துவிட்டது" என்றார். பிடித்தம் இரண்டு மடங்கானது. அடுத்த சேலைக்கான பாவு, அதாவது நெடுக்கு நூல், வர மூன்று மாதம் ஆனது. குறை துணியில் இல்லாதபோது அதை நெய்தவன் மேல் வைப்பார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஓவிட் எழுதியிருப்பதைப் படித்தபோது நான் கேட்டது அந்தக் குரலைத்தான்.

'ஹூப்ரிஸ்' என்ற சொல்லையும் வழிகாட்டி இவ்வளவு சுருக்கியிருக்க வேண்டாம். ஏதன்ஸ் நகரத்தில் அது ஒரு குற்றத்தின் பெயர். அதற்கென்றே வழக்குத் தொடரலாம். தனக்கு எந்த ஆதாயமும் இல்லாமல், மேலே நிற்கும் இன்பத்துக்காக மட்டும் இன்னொருவரை அவமானப்படுத்துவதே ஹூப்ரிஸ் என்று அரிஸ்டாட்டில் விளக்குகிறார். மனதுக்குள் இருக்கும் கர்வம் மட்டும் அல்ல, கையை ஓங்குவதும் அதில் சேரும். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தக் கதையில் யார் செய்தது ஹூப்ரிஸ்? ஒருத்தி கடவுளரை அவர்கள் செய்த செயல்களோடு நெய்தாள். இன்னொருத்தி நாடாவால் நெற்றியில் அடித்தாள். அராக்னேயிடம் தவறே இல்லை என்று சொல்லவில்லை. தேவியிடம் தொழில் கற்றதை மறுத்தாள், கிழவி வேடத்தில் எச்சரிக்க வந்த அந்தத் தேவியைக் கடிந்து விரட்டினாள். ஆனால் இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கும் சுற்றுதான் 'ஆணவம்' என்ற தலைப்புக்குத் தகுதியானது.

அதே ஆறாம் பகுதியில் அடுத்து வருவது நியோபியின் கதை. அவள் சிறுமியாக லிடியாவில் இருந்தபோது அராக்னேயை அறிந்திருந்தாள், இருந்தும் பாடம் கற்கவில்லை என்று ஓவிட் இரண்டு கதைகளையும் ஒரே இழையில் கோக்கிறார். ஏழு மகன்கள், ஏழு மகள்கள். இரண்டே பிள்ளைகள் பெற்ற லேடோ தேவியை விட நான் பெரியவள் என்றாள். பதினான்கு பிள்ளைகளையும் அந்த இருவரின் அம்புக்குக் கொடுத்துவிட்டு, சிபிலஸ் மலையில் கண்ணீர் விடும் கல்லானாள். அந்த மலைக்கு நேரில் போன கிரேக்கப் பயணி பௌசானியஸ், பக்கத்தில் போனால் அது வெறும் பாறைதான், தள்ளி நின்று பார்த்தால்தான் தலை குனிந்து அழும் பெண் தெரிகிறாள் என்று எழுதியிருக்கிறார். இந்த இணைப்பைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சுற்றில் யாரும் சொல்லவில்லை.

சுற்று முடிந்ததும் மகளிடம், "கண்ணு, நாளைக்கு நாம் இருவர் மட்டும் வரலாமா" என்று கேட்டேன். திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை பிராடோவில் எல்லோருக்கும் நுழைவு இலவசம். வரிசை நீளம்தான், ஆனால் நகரும். மறுநாள் மாலை மற்ற எதையும் பார்க்காமல் நேராக அங்கே போனோம். நாற்பது நிமிடம் நின்றோம்.

அன்றைக்குத்தான் ராட்டையைப் பார்த்தேன். அதில் ஆரங்கள் இல்லை. வேகமாகச் சுழலும்போது கண்ணுக்கு ஆரம் தெரியாதல்லவா, ஒரு மெல்லிய பளபளப்புதான் தெரியும். அதை மட்டும் வரைந்திருக்கிறார். அசையாத துணியில் சக்கரம் ஓடுகிறது. முந்தைய நாள் பார்த்த இக்சியோனின் சக்கரமும் ஓயாத சக்கரம்தான், ஆனால் அது ஒன்றும் செய்வதில்லை, அவனைச் சுற்றுகிறது. இந்தக் கிழவியின் சக்கரத்திலிருந்து நூல் வருகிறது. ராட்டை பழைய கிரேக்கத்தில் கிடையாது. அங்கே தக்ளி போன்ற கதிரைத் தொங்கவிட்டு நூற்றார்கள். ராட்டை ஆசியாவிலிருந்து பிற்காலத்தில்தான் ஐரோப்பாவுக்குப் போனது. வெலாஸ்கெஸ் தன் காலத்துக் கருவியைக் கதைக்குள் வைத்துவிட்டார். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. தன் ஊர்ப் பெண்கள் எப்படி உட்கார்ந்து வேலை செய்தார்கள் என்று பார்த்துத்தானே அந்த முதுகையும் தோளையும் வரைந்திருக்கிறார்.

"அம்மா, தறி எங்கே?" என்று மகள் கேட்டாள். நானும் அதையேதான் தேடிக்கொண்டிருந்தேன். நெசவுப் போட்டியைப் பற்றிய ஓவியத்தில் தறியே இல்லை. வாருவது, நூற்பது, சுற்றுவது மட்டும் முன்னால். முடிந்த துணி பின்னால். நடுவில் நெய்யும் வேலை நடந்ததை நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும். தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். பாவும், நாடாவுக்குள் வைக்கும் தாரும் தயாராவதற்குள் பாதி ஆயுள் போய்விடும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த மனிதர் அதை முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

சுவரில் தொங்கும் அராக்னேயின் துணியும் சாதாரணமானதில்லை. காளைமேல் யூரோப்பா, அது டிசியன் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னருக்காக வரைந்த ஓவியத்தின் சாயல். அப்போது அரண்மனையில் இருந்த அதை வெலாஸ்கெஸ் தினமும் பார்த்திருப்பார். ஓவியர் ருபென்ஸ் மாட்ரிட்டுக்கு வந்தபோது, 1628-29இல், அதைப் பார்த்து வரைந்த நகல் பிராடோவிலேயே இருக்கிறது. டிசியனின் மூலம் இப்போது பாஸ்டனில். அராக்னே நெய்ததைக் காட்ட வேண்டியபோது வெலாஸ்கெஸ் தனக்குத் தெரிந்தவற்றில் மிக உயர்ந்ததை எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறார். அவள் தோற்றாள் என்று நினைப்பவர் அப்படிச் செய்வாரா? சித்திரத் திரையில் ஊடை, அதாவது குறுக்கு நூல், கரைக்குக் கரை ஓடாது. ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள்ளேயே போய்த் திரும்பும். எங்கள் கோர்வையிலும் கரை நிறமும் உடல் நிறமும் அப்படித்தான் எல்லையில் பின்னிக்கொண்டு திரும்புகின்றன. அந்தத் திரையில் கடலும் வானும் சேரும் இடத்தை எத்தனை நாடா வைத்து நெய்திருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

சுற்றுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டால், பிராடோவுக்கு முதல்முறை போகிறவர்கள், கூட்டத்தில் திசை தெரியாமல் திணறுகிறவர்கள் கட்டலாம். கிழவியின் அந்தக் காலையும் ஓவியத்தின் சட்டத்தையும் எனக்குக் காட்டியது அந்தச் சுற்றுதான். கதைகளை ஓரளவு தெரிந்தவர்களுக்கு வேண்டாம். ஓவிட்டின் ஆறாம் பகுதியை முந்தைய நாள் படித்துவிட்டு மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றால் போதும். நிறுவனத்தாருக்கும் எழுதியிருக்கிறேன்: 'தோற்றாள்' என்று சொல்ல வேண்டாம், நூற்கும் பெண்களுக்கு இருபது நிமிடம் கொடுங்கள் என்று. பதில் இன்னும் வரவில்லை.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினார். நான் அப்போது நடுவில் குனிந்து கம்பளி வாரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இருட்டில் இருக்கிறாள். முகத்தில் கண், மூக்கு எதுவும் தெளிவாக இல்லை. கோர்வைத் தறியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பெண் குழந்தையின் முகமும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். மகள் என் கையைப் பிடித்தாள். வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.